கலிங்கின் மேல் ஒரு முழம்

சாமிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. மாமன் மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாய் என்றும், அவளுக்கும் சம்மதம் என்றும், பழைய சண்டையை மனதில் வைக்காமல் நான் நேரில் போய்ப் பெண் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். 'பழைய சண்டை' என்று நீ எழுதியிருந்த இடத்தைத் தாண்டி மேலே படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது என்ன சண்டை என்று உனக்கு முழுதாகத் தெரியாது. சித்தப்பா ஏரியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார், பிறகு ஏதோ வரப்புத் தகராறில் இரண்டு குடும்பமும் பேச்சை விட்டது என்பதுதான் உனக்குச் சொல்லப்பட்டது. உன்னிடம் வேறெதுவும் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அவள் போய்விட்டாள். நீயோ அந்த வீட்டுக்கே மருமகனாகப் போகிறேன் என்கிறாய். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது உன் மாமனுக்குச் செய்கிற உபகாரமாகிவிடும். அவருக்கு எந்த உபகாரமும் செய்வதாக எனக்கு உத்தேசம் இல்லை.

நீ கல்லூரியில் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்துப் பார். எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கிற ஒரு தொகையீட்டை எப்படி வகையிடுவது என்ற பாடம் வந்ததும், நான் கரும்பலகையில் ஓர் ஏரியை வரைவேன். அடிமட்டம் கீழ் எல்லை, நீர்மட்டம் மேல் எல்லை. அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு மட்டத்திலும் இருக்கிற பரப்பைத் தொகுத்தால் ஏரி கொள்கிற தண்ணீர். மேல் எல்லை உயர்ந்தால், அது உயரும் வேகத்தை மேல்மட்டத்துப் பரப்பால் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். கீழ் எல்லை உயர்ந்தால், அந்த வேகத்தை அடிமட்டத்துப் பரப்பால் பெருக்கிக் கழிக்க வேண்டும். நடுவில் உள்ள பரப்புகளே காலப்போக்கில் மாறினால், அந்த மாற்றத்தைத் தனியாகத் தொகுத்துச் சேர்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் விடை தப்பு. பையன்கள் எப்போதும் ஒன்றை விட்டுவிடுவார்கள். அப்போது எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்து, மற்றப் பாடத்தில் இல்லாத கோபம் இதில் மட்டும் ஏன் என்று உன் கூட்டாளிகள் கேலி பேசியதும் எனக்குத் தெரியும். அந்த உதாரணம் பாடப்புத்தகத்தில் உள்ளது என்று நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். அது நம் ஊர் ஏரி.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஏரி எப்படிப்பட்டது என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பெரிய தாம்பாளம் போன்றது. நடுவில் கொஞ்சம் குழிவு. பிறகு எல்லாப் பக்கமும் சரிந்து சரிந்து அகலமாகப் போகும். மேற்குக் கரை ஓரத்தில் நம் காடு, கடலைக்காய் போடுகிற புஞ்சை. நான் படித்துச் சேலத்துக்கு வந்துவிட்டேன். காட்டைப் பார்த்துக்கொண்டது உன் சித்தப்பா. கரைக்குக் கீழே வயல்கள். அவற்றில் பெரும்பங்கு உன் மாமனுடையது. அவருடைய தங்கையைத்தான் நான் கட்டினேன். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம் என்றாலும், எனக்கு அவரிடம் அப்போது மரியாதை இருந்தது. தங்கையைப் பார்க்கச் சேலம் வரும்போதெல்லாம் வண்டி நிறைய நெல்லும் தேங்காயும் கொண்டுவந்து இறக்குவார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி சுற்றுவார். உனக்கு அந்தத் தோள் நினைவிருக்கிறது. அதனால்தான் இப்படி எழுதுகிறாய்.

நல்ல மழை பெய்த ஒரு வருஷம், ஏரி நிரம்பியும் தண்ணீர் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. நம் கடலைக்காய்க் காட்டுக்குள் ஏறி, கிணற்றைத் தாண்டி, வீட்டுச் சுவரைத் தொட்டது. மண்சுவர் ஊறி ஒரு பக்கம் சரிந்தது. சித்தப்பா ஏரியைச் சுற்றிப்போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலிங்கின் மேல், கல்லும் சுண்ணாம்புமாக ஒரு முழம் உயரத்துக்குப் புதிதாகக் கட்டியிருந்தது. மாமனிடம் போய்க் கேட்டிருக்கிறான். தண்ணீர் தானாக வடியும், போ என்றாராம். கடலை அழுகி நாறத் தொடங்கியதும் சித்தப்பா கடப்பாரையோடு போய்க் கலிங்கின் கல்லைப் பெயர்த்தான். மாமனுடைய ஆட்கள் அவனை அந்தக் கலிங்கின் மேலேயே போட்டு அடித்தார்கள். அவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கி அதனாலேயே முட்டியை உடைத்தார்கள். மாமன் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று சித்தப்பா சொன்னான். போதும் விடுங்கள் என்று கடைசியில் சொன்னதும் அவர்தானாம். வழுக்கி விழுந்ததாக ஊரே சாட்சி சொன்னது. கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவன் ஏர் பிடிக்கவில்லை; பாயில் உட்காரவும் முடியாமல் போனது.

நான் ஊருக்குப் போய்ப் பஞ்சாயத்தைக் கூட்டினேன். அரசமரத்தடியில் எல்லாரும் இருந்தார்கள். கால் உடைந்ததைப் பற்றி யாரும் பேசத் தயாராக இல்லை. சரி, கலிங்கைப் பற்றியாவது பேசுங்கள் என்றேன். மாமன் எழுந்து, குரலை உயர்த்தாமல், எல்லாருக்கும் விளங்கும்படி சொன்னார்:

"ஏரிக்குள்ள வண்டல் ஒரு மொழம் ஏறிப் போச்சுங்க. அதுக்குத்தான் மேல ஒரு மொழம் ஏத்துனேன். கீழ போனது மேல வந்துருச்சு. தண்ணி எப்பவும் இருக்கற தண்ணிதான். மாப்ள கணக்கு வாத்தியாருதானுங்களே, அவரே சொல்லட்டும். ஒரு மொழத்தைக் கழிச்சு ஒரு மொழத்தைக் கூட்டுனா என்னங்க வரும்?"

ஒன்றும் வராது என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து, அடியில் ஒரு முழமும் மேலே ஒரு முழமும் ஒன்றல்ல, அடியில் ஏரி குறுகல், மேலே அகலம் என்று சொல்லத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. முழம் என்றால் முழம்தானே என்றார்கள். பட்டணத்து வாத்தியாருக்கு முழத்தில்கூட ரெண்டு சாதியாம் என்றார் ஒருவர். கட்டுப் போட்ட காலோடு உன் சித்தப்பா வண்டியில் கிடந்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு அந்த மரத்தடியில்தான் முடிவு செய்தேன். எந்தக் கணக்கைச் சொல்லி என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தாரோ, அந்தக் கணக்காலேயே அவரை இறக்குவேன் என்று.

சேலம் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். கோடையில் ஏரி வற்றியதும், கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் முன்னிலையில் மட்டம் பார்க்கும் கருவியோடு இறங்கினோம். அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு மட்டத்திலும் ஏரியின் பரப்பை அளந்தோம். வண்டலைத் தோண்டிப் பார்த்தோம். மாமன் பொய் சொல்லவில்லை. வண்டல் ஒரு முழம்தான் ஏறியிருந்தது. ஆனால் அது ஏறியிருந்தது நடுக்குழிவில். அங்கே பரப்பு ஒரு சின்னக் களத்து மேடு அளவு. கலிங்கு உயர்ந்த மட்டத்தில் பரப்பு அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அந்த விதியைக் கல்லூரியில் நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அது ஒருவன் கழுத்தைப் பிடிக்கும் என்று அந்த வெயிலில்தான் தெரிந்துகொண்டேன்.

மாமன் தரப்பில் ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவரைச் சாட்சிக்குக் கொண்டுவந்தார்கள். வேலை தெரிந்த மனிதர்தான். ஆனால் கூலிக்குப் பேச வந்தவர். வண்டலும் கலிங்கும் சமமாக உயர்ந்ததால் கொள்ளளவு மாறவில்லை என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். நம் வக்கீலுக்குக் கணிதம் வராது. கேட்க வேண்டியதையெல்லாம் முந்தின நாளே நான் அவருக்கு உருப்போட வைத்திருந்தேன். வண்டல் ஏறியது எந்த மட்டத்தில் என்று கேட்டார். அடியில் என்றார் ஓவர்சியர். அந்த மட்டத்தில் பரப்பு என்ன, கலிங்கு மட்டத்தில் பரப்பு என்ன என்று கேட்டார். சொன்னார். அப்படியானால் இழந்த தண்ணீரும் சேர்ந்த தண்ணீரும் சமமா என்று கேட்டபோது ஓவர்சியர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "சமமில்லைங்க" என்று வந்தது பதில். அந்த ஒரு சொல்லுக்காக நான் மழையிலும் வெயிலிலும் அலைந்திருந்தேன். மாமன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அவரைக் காப்பாற்ற அவருடைய வக்கீல் ஒரு காரியம் செய்தார். அது எனக்குக் கிடைத்த பரிசு. ஏரிக்குக் கீழே பயிர் செய்கிறவர்களை வரிசையாகக் கூண்டில் ஏற்றி, மதகில் தண்ணீர் முன்பு எவ்வளவு நாள் வந்ததோ இப்போதும் அவ்வளவு நாள்தான் வருகிறது, கூடவில்லை என்று சொல்ல வைத்தார். தண்ணீர் கூடவில்லை என்றால் கலிங்கு உயர்ந்ததால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது அவர் வாதம். அவர்கள் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. கஞ்சிக்கு அலைகிற ஆட்கள், தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாதவர்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். மேல் எல்லை உயர்ந்ததால் தண்ணீர் நிறையக் கூடியிருக்க வேண்டும். கீழ் எல்லை உயர்ந்ததால் குறைந்தது கொஞ்சம்தான். ஆனாலும் மொத்தம் மாறவில்லை என்றால், மிச்சம் இருப்பது மூன்றாவது பகுதி. எல்லைகளுக்கு நடுவில் ஏரியின் பரப்பையே யாரோ தின்றிருக்க வேண்டும். அவருடைய சாட்சிகளே அதை எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

மறு ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வே வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஏரியின் வடக்குப் பக்கம் போனேன். வேலமரப் புதருக்குப் பின்னால் மாமனுடைய தென்னந்தோப்பு. பட்டா நிலம் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை. வரைபடத்தில் அந்த இடம் ஏரி. வருஷக்கணக்கில் ஏரிக்குள்ளேயே கரை போட்டு, மண்ணைக் கொட்டி மேடாக்கித் தென்னை வைத்திருக்கிறார். ஏரி சுருங்கிக் கீழ்வயல்காரர்கள் தண்ணீர் போதவில்லை என்று முணுமுணுக்கத் தொடங்கியதும், அதை மறைக்கக் கலிங்கை உயர்த்தியிருக்கிறார். வண்டல் என்பது ஊருக்குச் சொன்ன கதை. அவர் தோப்புக்காகத்தான் நம் காடு முழுகியது. உன் சித்தப்பாவின் முட்டி உடைந்தது. மரங்கள் அந்த வருஷம்தான் முதல் பாளை விட்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

நான் தோப்புக்குள் போய்வந்த செய்தி அவருக்கு எட்டிவிட்டது. மறுநாளே சேலத்துக்கு வந்தார். வண்டியில் நெல் இல்லை, தேங்காய் இல்லை. கலிங்கை நானே இடித்துவிடுகிறேன், வழக்கை முடித்துக்கொள்ளலாம், தோப்பைப் பற்றி மட்டும் கோர்ட்டில் பேச வேண்டாம் என்றார். உன் அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"காடு தண்ணியவிட்டு வெளிய வந்துருமுங்க. அதுக்கு மேல எதுக்குங்க? எங்கண்ணன் அந்தத் தோப்பைப் புள்ளையாட்டம் வளத்துனதுங்க. உட்டுருங்க" என்றாள்.

தம்பி காலை யார் திருப்பித் தருவார் என்று கேட்டேன். அவள், "உங்க கணக்குல எம்பேரு எங்கயாச்சும் வருதுங்களா?" என்று கேட்டாள். அதில் அவள் பெயர் எங்கும் இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் அதனால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடாது. தோப்பைப் பற்றிக் கோர்ட்டில் சொன்னேன். கமிஷனர் மறுபடி வந்து அளந்தார். கலிங்கைப் பழைய உயரத்துக்கு இறக்கவும், ஏரிக்குள் போட்ட கரையை அகற்றவும், தோப்பை வெட்டவும் உத்தரவானது.

மரம் வெட்டிய அன்று நான் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். சித்தப்பாவை வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து அழைத்துப் போனேன். தென்னை விழுகிற சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் மட்டைகள் உரசும். பிறகு பூமி ஒரு தரம் அதிரும். ஒவ்வொரு மரம் விழும்போதும் சித்தப்பா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மாமன் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி மரம் வரைக்கும் அங்கேயே நின்றார். எல்லாம் முடிந்ததும் எங்கள் வண்டிக்கு அருகில் வந்தார்.

"மனசு ஆறிருச்சுங்களா மாப்ள?" என்று கேட்டார்.

"இல்லீங்க மச்சான்" என்றேன்.

அதுதான் நாங்கள் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வருவது நின்றது. உன் அம்மா அதைக் கேட்கவில்லை. எனக்கு வேளைக்குச் சோறு போட்டாள். என் சட்டையை மடித்து வைத்தாள். ஆனால் ஊர்ப் பேச்சை மட்டும் என்னிடம் எடுக்கவே இல்லை. சித்தப்பாவை நம் வீட்டுக்கே கூட்டிவந்து அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவன் காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவும்போது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குக் கடைசிவரை படிக்கத் தெரியவில்லை.

அவள் இறந்தபோது நீ பம்பாயில் இருந்தாய். யுத்த சமயம், ரயிலில் இடம் கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். பெண்பிள்ளை இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கோடிச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். ஆள் அனுப்பினோம். உன் மாமன், எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள், அவள் தோப்பு விழுந்த அன்றே செத்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார். என்னைப் பழிவாங்க அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை, செத்தவளைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியது. பெண்கள் அழுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூரில் ஒரு சேலை எடுத்துப் போர்த்தி முடித்துவிடலாமா என்று பெரியவர்கள் பேசத் தொடங்கியபோது ஒரு வண்டி வந்து நின்றது.

இறங்கியது நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண். அப்போது அவளுக்குத் தாவணி போட்ட வயது. துணைக்கு வண்டி ஓட்டி வந்த ஆளைத் தவிர யாரும் இல்லை. அவளுக்கென்று எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த புதுச்சேலையைக் கையில் வைத்திருந்தாள். எல்லாரையும் தாண்டி நேரே என்னிடம் வந்து, "அத்தைக்குக் கோடி கொண்டாந்திருக்கறனுங்க மாமா. போத்தலாமுங்களா?" என்றாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையசைத்தாள். போ என்று கையைக் காட்டினேன். போர்த்திவிட்டு, அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே வண்டியில் திரும்பிப் போனாள். அப்பன் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்தார் என்றும், அவள் மன்னிப்புக் கேட்க மறுத்தாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். இதையெல்லாம் அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்கிற பெண் இல்லை.

ஆகவே நீ அவளைக் கட்டிக்கொள். அவளைவிட நல்ல பெண்ணை எனக்குத் தேடத் தெரியாது. நாளைக்கு உன் வாழ்க்கையில் எவனாவது வந்து கூட்டினதும் கழித்ததும் சரியாகப் போயிற்று என்று சொன்னால், எந்த இடத்தில் கூட்டினாய், எந்த இடத்தில் கழித்தாய் என்று கேட்கக் கற்றுக்கொள். அந்தப் பெண்ணுக்கு அது இப்போதே தெரியும் என்று நினைக்கிறேன். அவள் நம் வீட்டுக்கு வருவதால் அவள் அப்பனோடு எனக்குக் கணக்கு நேராகிவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

பெண் கேட்க நான் போகமாட்டேன். சித்தப்பா போவான். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுக்காக உட்கார்ந்து தாம்பூலத் தட்டை வாங்கப்போவதும் அவன்தான். மற்ற எல்லாரும் பாயில் இருப்பார்கள். அவனுக்கு மட்டும் நாற்காலி. உன் மாமன் ஊரார் முன்னிலையில் அவன் எதிரே வந்து, நாற்காலி மட்டத்துக்குக் குனிந்து, இரண்டு கையாலும் தட்டைக் கொடுக்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் நாள் குறிக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் இருவருமாகப் பேசிக்கொண்டு, பெண்ணை எப்படி வேண்டுமானாலும் அழைத்துவா, இந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறந்தே இருக்கும். என் யூகம், அவர் சம்மதிப்பார். மகள் ஒருத்திதான் அவருக்கு மிச்சம்.

இதை எழுதுவதற்கு முன் சித்தப்பாவிடம் எல்லாம் சொன்னேன். மறுத்துவிடுவான் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. முறத்தை மடியில் வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தாமல் கேட்டான். பிறகு சொன்னான்:

"நாற்காலி உசரமா வேண்டாங்கண்ணா. நல்லாக் குட்டையாப் பாத்துப் போடச் சொல்லுங்க."

தச்சனிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா